வாசிப்பவரின் வாரம்

1950 அக்டோபர் 29 தேதியிட்ட 'கல்கி' இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. அதைப் படித்து முடிக்க வாசகருக்கு ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ஆனது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வாரத்தில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, கதை முடியும்போது தானே எழுத்துக்கூட்டி அதைப் படிக்கும் வயதுக்கு வந்திருக்கும். இன்று ஐந்து பாகங்களையும் பத்தே நாளில் படித்துவிட்டதாகச் சொல்லும் இளைஞர்களைச் சென்னைப் புத்தகக் காட்சியில் பார்க்கிறேன். மனத்துக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் படித்த புத்தகத்தையும் முதல் வாசகர்கள் படித்த புத்தகத்தையும் ஒன்றென்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் வாசகர்களுக்குக் கதையின் ஒரு பாதி அச்சில் வந்தது. மறு பாதி, அடுத்த இதழ் வரும்வரை திண்ணையிலும் கிணற்றடியிலும் அவர்கள் பேசித் தீர்த்ததில் நடந்தது.

தமிழில் வாசகரை வளர்த்தது வாரம்தான் என்பது என் துணிபு. புத்தகக் கடை இல்லாத ஊர்களே மிகுதியாக இருந்த நாட்டில், பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய இதழ்தான் இலக்கியம் வீட்டுக்குள் வந்த வழி. 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கியதும், அங்கே பேர் பெற்ற கல்கி 1941இல் தம் பெயரிலேயே ஓர் இதழ் தொடங்கியதும், 1947இல் எஸ்.ஏ.பி.யின் குமுதம் வந்ததும் இதழியல் வரலாற்றுச் செய்திகளாகவே சொல்லப்படுகின்றன. வாசிப்பின் பக்கமிருந்து பார்த்தால் இவை ஒரு குடும்பத்தின் கிழமைகளைப் பங்கிட்டுக்கொண்ட நிகழ்ச்சிகள். இதழ் வரும் நாளில் முதலில் யார் கைக்கு அது போவது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு முறை இருந்தது. சத்தமாக ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டிருந்த பழக்கம் எப்படி மெல்ல மௌன வாசிப்பாக மாறியது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி தொடர்கதை படித்துக் காட்டும் வழக்கம் மௌன வாசிப்பின் காலத்திலும் நெடுநாள் நீடித்தது. பெண்கள் பலருக்குப் பள்ளிக்குப் பிந்தைய ஒரே பள்ளியாக இருந்தது அந்த இதழ்தான். ஆண்கள் நடத்திய பெரிய வார இதழ்கள் வேரூன்றும் முன்பே, 1925 முதல் ஜகன்மோகினி மாத இதழைக் கையிலெடுத்து அதில் தம் நாவல்களைத் தொடராக எழுதி வாசகியரைச் சேர்த்த வை.மு. கோதைநாயகியை இந்த வரலாற்றின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். அவரைப் பின்னிணைப்பில் தள்ளிவிடும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை.

வாரக்கணக்கில் ஒரு கதையோடு வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் சான்று. 1960 வாக்கில் மணிவண்ணன் என்ற பெயரில் அவர் அதைக் கல்கியில் எழுதினார். படித்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டார்கள். ஒரு நாவலை இரண்டு நாளில் படித்து வைத்துவிடுபவருக்குத் தன் பிள்ளைக்கு அதிலிருந்து பெயர் எடுக்கத் தோன்றுமா? பாத்திரங்கள் பல மாதம் வீட்டுக்கு வந்துபோயிருந்தால்தான் அந்த உரிமை வரும்.

தொடர்கதை என்றாலே அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல், ஆழமற்ற விறுவிறுப்பு என்று ஒதுக்கிவிடும் விமர்சன மரபு நமக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு. பக்கத்தை நிரப்ப இழுக்கப்பட்ட தொடர்கள் ஏராளம். ஆனால் தி. ஜானகிராமனின் மோகமுள் சுதேசமித்திரன் வாரப்பதிப்பில்தான் தொடராக வந்தது. அதன் நாயகன் பாபு தம்பூராவின் சுருதியில் கரையும் பக்கங்களில் எந்தத் திடுக்கிடலும் இல்லை. வாசகர்கள் அடுத்த வாரம் வரை காத்திருக்கவே செய்தார்கள். அகிலனின் சித்திரப்பாவை விகடனில் வந்த தொடர். தமிழுக்கு முதல் ஞானபீட விருதை 1975இல் அதுவே பெற்றுத் தந்தது. வார இதழின் வாசகர் பொறுமையற்றவர் என்பதை நான் ஏற்பதில்லை. ஏழு நாள் காத்திருக்கத் தெரிந்தவரைப் பொறுமையற்றவர் என்று எப்படிச் சொல்வது?

இங்கே 'பைண்டு' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தொடர் முடிந்ததும் வாராவாரம் கிழித்துச் சேர்த்த பக்கங்களை அடுக்கி, ஊரில் பைண்டிங் செய்பவரிடம் கொடுத்து, காலிக்கோ முதுகு போட்டு வாங்கிவைப்பார்கள். நம் நாட்டில் வாசகர்களே பதிப்பித்த புத்தகங்கள் இவை. பொன்னியின் செல்வன் என்றால் மணியத்தின் ஓவியங்களோடு, சாண்டில்யனின் கடல் புறா என்றால் லதாவின் ஓவியங்களோடு அவை நிற்கும். பின்னால் கடைக்கு வந்த பதிப்புகளில் படங்கள் குறைந்தன, பலவற்றில் இல்லாமலே போயின. பைண்டு பிரதியிலோ ஓவியத்தோடு தலைவலி மருந்து விளம்பரமும், பாதியில் அறுந்த ஒரு துணுக்கும், வேறொரு கதையின் கடைசி வரியும் சேர்ந்தே இருக்கும். அந்த வாரம் நாடு எதைப் பேசிக்கொண்டிருந்தது என்பது பக்கத்தின் மறுபுறம் தெரியும். சொந்தக்காரர் வீடுகளுக்குக் கைமாறி, கல்யாணத்தில் தொலைந்து, பழைய புத்தகக் கடையில் மீண்டும் முளைத்த இந்தத் தொகுதிகளை மூர் மார்க்கெட்டில் தேடித் திரிந்தவர்கள் பலர். அந்தக் கட்டடம் 1985இல் எரிந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகத் திரட்டியவை இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இதழ், துண்டறிக்கை, நாடக நோட்டீஸ் என்று பிறர் எடைக்குப் போட்டவற்றையும் சேர்த்தவர் அவர். வாசிப்பின் வரலாற்றை எழுத வருபவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

வாரத்தின் துணையில்லாமல் வந்த புத்தகங்களின் கதை வேறு. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க் கல்லூரி வாசல்களில் விற்றார். 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா தம் இதழைத் தாமே தெருத்தெருவாகக் கொண்டுசென்றார். ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி எழுதப்பட்டுப் பல ஆண்டு கழித்து 1972இல்தான் அச்சேறியது. அதற்குரிய வாசகர்களை அது சென்றடைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. இத்தகைய நூல்களுக்கு வருகையை அறிவிக்க இருந்த ஒரே இடம் சிற்றிதழ்களின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் 'வரப்பெற்றோம்' பகுதி. நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, அவ்வளவுதான். மதிப்புரை வருமோ வராதோ தெரியாது. அந்த நான்கு விவரங்களை நம்பி அஞ்சலட்டை போட்டுப் புத்தகம் வரவழைத்தவர்கள் இருந்தார்கள். தீவிர இலக்கியம் இந்த மொழியில் பிழைத்துக் கிடந்ததற்கு அந்த அஞ்சலட்டைக்காரர்களே காரணம்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலம் போடப் பார்த்த முயற்சிகளில் இரண்டை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒன்று, 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை. மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஆண்டு முடிவில் பன்னிரண்டையும் தொகுப்பாக்குவது என்பது அவர்களின் வேலைமுறை. வார இதழில் வந்து அடுத்த வாரம் மறக்கப்படவிருந்த எத்தனையோ கதைகள் இதனால் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தன. மற்றொன்று, லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அறுபதுகளில் தொடங்கிய 'வாசகர் வட்டம்'. உறுப்பினராகச் சேரும் வாசகர்களை நம்பி நூல் வெளியிடுவது அதன் எண்ணம். லா.ச.ராமாமிருதத்தின் புத்ர, தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி, கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் என்று அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, யாரோ நமக்காக உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்துத் தந்திருக்கிறார்கள் என்ற எண்ணமே வரும்.

வாங்க முடியாதவர்களுக்கு நூலகம் இருந்தது. 1931இல் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தை ஓடவிட்டார். தொடங்கிவைத்தவரும் ரங்கநாதனே. ஏட்டில் எழுதிய விதிக்கு வண்டிச் சக்கரம் கிடைத்த ஆண்டு அது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து, கிளை நூலகங்களுக்கு ஒரு நிலையான வருவாயை உண்டாக்கியது. ஊர் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காத ஒரு தலைமுறையே நம்மிடம் உண்டு. வியாழன் மாலை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் சனிக்கிழமை. தெருமுனை லெண்டிங் லைப்ரரிகளுக்கும் அப்படியொரு கணக்கு இருந்தது. சென்னை ராயப்பேட்டையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி நூலகம் அவற்றுள் மூத்த ஒன்று.

இப்போது நிலைமை என்ன? புத்தகம் தையில் பிறக்கிறது. 1977இல் மதரசா-இ-ஆசம் பள்ளியில் முதல் சென்னைப் புத்தகக் காட்சி நடந்தபோது, அது இருக்கும் புத்தகங்களை விற்பதற்கான சந்தை. இன்று பெரும்பாலான பதிப்பகங்கள் ஆண்டின் புதிய நூல்களை அந்தக் காட்சியைக் குறிவைத்தே அச்சுக்கு அனுப்புகின்றன. மார்கழியில் அச்சகங்களில் இரவு பகல் தெரியாது. மெய்ப்புத் திருத்த நேரமில்லாமல் போகும் நூல்கள் பல. பத்து விழுக்காடு தள்ளுபடியில் பை நிறைய வாங்கிவந்து அடுக்கினால், மாசி பிறக்கும்போது அந்த அடுக்கைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் எதையும் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். ஒரே மாதத்தில் இத்தனை நூல் வந்தால் மதிப்புரையாளரும்தான் என்ன செய்வார்? தினமணியின் திங்கட்கிழமை 'நூல் அரங்க'மும், இந்து தமிழ் திசையின் சனிக்கிழமை நூல் பக்கமும் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ஆனாலும் சித்திரைக்குள் கவனம் பெறாத நூலை ஆடியில் யாரும் பேசுவதில்லை. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சிட்ட பதிப்பாளர்கள் இன்று முந்நூறோ நூறோ அச்சிட்டுப் பார்க்கிறார்கள். தேவைக்கேற்ப அச்சிடும் தொழில்நுட்பம் நூல் இல்லாமல் போவதைத் தடுத்திருக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் நூறு பிரதி அச்சிட்ட நூல் நூலக அலமாரிக்குப் போய்ச் சேராமலே ஒரு சுற்று முடிந்துவிடுகிறது.

ஆறுதலான மாற்றமும் உண்டு. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்டில் நடத்திவரும் புத்தகத் திருவிழா, தையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்று காட்டியது. இப்போது மாவட்டந்தோறும் அரசின் ஏற்பாட்டில் காட்சிகள் வெவ்வேறு மாதங்களில் நடக்கின்றன. தொடரின் தாளமும் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை வெண்முரசை இருபத்தாறு நாவல்களாக அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் எழுதினார். வேலைக்குப் போகும் வழியில் தினம் ஓர் அத்தியாயம் என்று அதோடு ஆறரை ஆண்டு நடந்துவந்த வாசகர்களை நான் அறிவேன். கல்கி வாசகரின் நேர் வாரிசுகள் அவர்கள்.

என் வாரத்தை நான் வகுத்துக்கொண்டதும் இதிலிருந்து கற்றதுதான். வேலை நாட்களில் பேருந்தில் சிறுகதைகள் மட்டும். ஓர் இருக்கையில் தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். கவிதைக்கு இரவு. பெருநாவலுக்கு ஞாயிறு காலை, அதுவும் சில அத்தியாயங்களோடு நிறுத்திவிடுவேன். மிச்சத்தை வாரம் முழுக்க மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தையில் வாங்கியவற்றை ஒரே அலமாரியில் வைப்பதில்லை. பிரித்து வீட்டின் வெவ்வேறு மூலைகளில் வைத்து, மாதத்துக்குச் சிலவாக எடுக்கிறேன். அப்படிச் செய்தால் ஆவணியிலும் ஐப்பசியிலும் வீட்டுக்குப் புதுப்புத்தகம் வந்த மகிழ்ச்சி கிடைக்கிறது.

பதிப்பாளர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. பத்து நூல் வெளியிடுபவர் அவற்றில் நான்கையாவது ஆனிக்கும் கார்த்திகைக்கும் இடையே கொண்டுவரட்டும். முன்பணம் கட்டும் வாசகர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நூல் வீடு தேடி வரும் வாசகர் வட்ட முறையை இன்றைய அஞ்சலும் கூரியரும் இன்னும் எளிதாக்கும். அரசின் நூலகக் கொள்முதலும் ஆண்டுக்கொரு முறை, அதுவும் தாமதித்து, மொத்தமாக நடப்பதை விட்டுப் பருவந்தோறும் நடக்க வேண்டும். இந்த ஆண்டு வெளியான நாவல் இந்த ஆண்டே ஒரு கிளை நூலகத்தின் 'புதிய வரவு' அலமாரிக்கு வந்துவிட்டால், விலை கொடுத்து வாங்க முடியாத ஒரு மாணவிக்கும் அதைப் பற்றிய பேச்சில் இடம் கிடைக்கும்.