சூதாடிகளுக்கு ஒரு சங்கமா? கைபேசி அகராதிகளோடு ஒரு வாரம்

குறள் ஒப்பித்தல் போட்டிக்காக மகள் சூது அதிகாரத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் 'கழகம்' என்ற சொல் வந்தது. கைபேசியில் இருந்த இலவச அகராதிச் செயலியைத் தட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் பொருள் வந்துவிட்டது: சங்கம், அமைப்பு. "சூதாடுறவங்க எல்லாம் சங்கம் வச்சிருந்தாங்களாப்பா?" என்றாள். சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம்.

அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் அகராதிச் சோதனைதான்.

முதலில் அந்தச் செயலி. வேகம் அபாரம், இணையம் இல்லாமலும் ஓடுகிறது. ஆனால் மூன்று சொல்லுக்கு ஒரு விளம்பரம். நிறுவும்போதே என் இருப்பிடத்தைக் கேட்டது. பொருள் சொல்ல நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று அதற்கு எதற்குத் தெரிய வேண்டும்? பெரிய குறை வேறு. பொருளை யார் சொன்னது, எந்தக் காலத்து வழக்கு என்று ஒரு வரி கிடையாது. எடுத்துக்காட்டும் கிடையாது.

அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தார். அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழிலேயே தட்டித் தேடலாம். 'கழகம்' என்று இட்டதும் சபை, கல்வி பயிலும் இடம், சூதாடும் இடம் என்று பொருள்கள் எண்ணிட்டு இறங்கின. கூடவே எந்த நூலில் அப்படி வருகிறது என்பதற்குச் சுருக்கக் குறிகள். 'கம்பரா.' என்றால் கம்பராமாயணம். சில பொருள்களுக்கு அருகில் ஆங்கில 'டபிள்யூ' மட்டும் நிற்கும். 1862இல் வந்த வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். 'ஜே' இருந்தால் யாழ்ப்பாண வழக்கு.

இந்த ஒற்றை எழுத்துதான் எனக்கு இந்த வாரத்தின் லாபம். நாலு இடத்தில் ஒரே பொருள் கிடைத்தால் நாலு சாட்சி என்று நம்பிவிடுகிறோம். நாலுமே வின்சுலோவைப் பார்த்து எழுதியவையாக இருந்தால் சாட்சி ஒன்றுதான். பேரகராதி அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது, செயலிகள் சொல்வதில்லை.

விளக்கத்துக்குள்ளும் தேடலாம் என்பது இன்னொரு வசதி. 'கேம்ப்ளிங்' என்று ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால் சூது தொடர்பான தமிழ்ச் சொற்கள் கூட்டமாக வருகின்றன. அச்சுப் புத்தகத்தில் இதற்கு வழியே இல்லை.

சிக்கல் வினைச்சொல்லில். 'படித்தான்' என்று தேடிப் பயனில்லை, 'படி' என்றுதான் போக வேண்டும். போனால் படிதல் ஒரு பதிவு, படித்தல் வேறொரு பதிவு. ஏறும் படி, அளக்கும் படி எல்லாம் வரிசையாக நிற்கும். படிதலுக்கு நாலு, படித்தலுக்குப் பதினொன்று என்று பக்கத்தில் இருப்பது வினை எந்த வாய்பாட்டில் திரியும் என்பதன் எண். இதை யாராவது சொல்லித் தராவிட்டால் பிள்ளைகள் முதல் நாளே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். 'கணினி'யைத் தேடவே வேண்டாம், 1936இல் அது ஏது?

இன்றைய சொல்லுக்கு நான் போவது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்கு. 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்புகள் கண்டது. எடுத்துக்காட்டு வாக்கியம் தரும். இலங்கை வழக்கைத் தனியே குறிக்கும். கழகத்தில் சூதாட இதனிடம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

தமிழ் விக்சனரியில் யாரும் எழுதலாம், அதனால் தயக்கம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் திருத்த வரலாறு உண்டு. எந்தப் பொருளை எப்போது, எந்தப் பயனர் சேர்த்தார் என்று பார்க்கலாம். சான்று இல்லாத பக்கத்தைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

செயலியை நீக்கிவிட்டேன். பேரகராதிப் பக்கம் இப்போது கைபேசி முகப்பில் இருக்கிறது. எழுத்து பொடியாகத் தெரிகிறது, சிக்னல் போனால் அதுவும் போய்விடுகிறது. மகள் சுருக்கக் குறிகளைக் கால் தாளில் எழுதி மேஜை விளக்கில் ஒட்டியிருக்கிறாள். 'டபிள்யூ' எதிரே வின்சுலோ, 1862 என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாள்.