வந்துபோகும் கப்பலும் விரிந்த கூந்தலும்

அறிவியல் புனைகதையைத் தொலைக்காட்சியில் ஒரே நாளில் முடித்துவிடுவதா, வாரக்கணக்கில் சொல்வதா என்கிற கேள்வியை நம் நண்பர்கள் 'அது வடிவப் பிரச்சினை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வடிவம் தனி, அரசியல் தனி என்று பிரித்துப் பேசுகிற பழைய நோய்தான் இது. கதை எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கிறவனுக்கு, அதற்குப் பிறகு யாருடைய பாடு சொல்லப்படாமல் போகிறது என்று தீர்மானிக்கிற அதிகாரமும் இருக்கிறது.

எண்பதுகளில் ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷன் காட்டிய 'ஸ்டார் ட்ரெக்'கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை வந்த 79 அத்தியாயங்களில் ஒரே ஒரு கதைதான் இரண்டு வாரம் நீண்டது. அதுவும் ஒளிபரப்பாமல் கிடந்த முதல் முன்னோட்டப் படத்தை வீணாக்காமல் உள்ளே சேர்ப்பதற்காக. மற்றதெல்லாம் ஒரு மணி நேரக் கதை. காரணம் கலைத் தத்துவம் ஒன்றுமில்லை, வியாபாரம். மறு ஒளிபரப்புக்கு வாங்குகிற நிலையங்கள் எந்த அத்தியாயத்தையும் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு வாரம் நடந்தது அடுத்த வாரத்துக்கு ஞாபகம் இருக்கக்கூடாது. மறதி இங்கே விற்பனை நிபந்தனை.

1968இல் வந்த ஓர் அத்தியாயத்தில், ஒரு கிரகத்தின் ஊர்க்காரர்களுக்கு எதிரி அரசு துப்பாக்கி கொடுத்திருக்கிறது. நம் கப்பல் தலைவர் என்ன செய்கிறார்? சமநிலை வேண்டுமென்று மலைவாசிகளுக்கும் துப்பாக்கி கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, மனம் நொந்து, கிளம்பிவிடுகிறார். வியட்நாம் எரிந்துகொண்டிருந்த வருஷம் அது. அந்த முடிவில் வெற்றிக் களிப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அடுத்த வாரம் வேறு கிரகம். மலைவாசிகள் செத்தார்களா இருக்கிறார்களா, யாருக்கும் தெரியாது. ஜமாபந்திக்கு வருகிற கலெக்டரின் கதைசொல் முறை இது. பந்தல், மனு, உத்தரவு, ஜீப் கிளம்புகிறது. புழுதி அடங்கினபிறகு பட்டா வந்துச்சா இல்லையா என்று கேட்க ஆளில்லை.

இந்த மறதிக்கு ஒரு தடவை கணக்குக் கேட்கப்பட்டது. 1967இல் கான் என்கிறவனையும் அவன் கூட்டத்தையும் ஆளில்லாத கிரகம் ஒன்றில் குடிவைத்துவிட்டுப் போனார்கள். அத்தியாயம் முடிந்தது. 1982இல் வந்த சினிமா அந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது: பக்கத்துக் கிரகம் வெடித்து, குடிவைத்த இடம் பாலையாகி, மனைவியையும் கூட்டத்தில் பலரையும் இழந்த கான், தன்னை வந்து பார்க்கவே பார்க்காத தலைவரைத் தேடி வருகிறான். படம் அவனை வில்லன் என்கிறது. எனக்கு அவன் ஒற்றை அத்தியாயத்தின் மீது வழக்குப் போட்டவனாகவே தெரிகிறான்.

அப்படியானால் தொடர்தான் முற்போக்கு என்று அவசரப்பட வேண்டாம். தொடர்வதும் நினைவுவைத்திருப்பதும் ஒன்றல்ல. வாரக் கடைசியில் கதாநாயகியின் கழுத்தில் கத்தியை வைத்து 'தொடரும்' போடுவது கொக்கி. அடுத்த வாரம் கத்தி நகர்ந்துவிடும், கழுத்தில் கீறல்கூட இருக்காது. வருஷக்கணக்காக ஓடியும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மெகா தொடர்களை நம் வீடுகளிலேயே பார்க்கலாம்.

நம்மிடம் இருக்கிற உருப்படியான உதாரணம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடர்கதை, பிறகு தூர்தர்ஷனில் தொடர். கொக்கிகளுக்கு அதில் பஞ்சமே இல்லை, விகடன் வாசகர்களை வாரம்தோறும் பிடித்துவைத்த கை அது. ஆனாலும் தொடர்வடிவம் அவரையும் மீறி ஒரு காரியம் செய்துவிடுகிறது. காணாமல்போன கணவனைத் தேடிப் புறப்படுகிற நிலா, எல்லாவற்றுக்கும் அரசு அனுமதி வேண்டியிருக்கிற ஒரு நாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிகிறாள். ஜீனோ என்கிற இயந்திர நாய் விளையாட்டுப் பொருளாக வந்து, படித்துப் படித்து, யோசிக்கிற ஜீவனாகிறது. இந்த வளர்ச்சிக்கு வாரங்கள் வேண்டும். ஒரு மணி நேரத்தில் சொன்னால் அது மந்திரம் ஆகிவிடும்.

முக்கியமானது அடுத்தது. ஆள்கிற ஜீவா வெறும் பிம்பம் என்று அம்பலமாவதோடு ஒற்றைக்கதை முடிந்திருக்கும், நாமும் கைதட்டிவிட்டு எழுந்திருப்போம். 'மீண்டும் ஜீனோ' அதற்கு மறுநாளைக் கேட்கிறது: பிம்பம் இருந்த இடத்தில் நிலா ராணியாக உட்காரவைக்கப்படுகிறாள், பின்னால் நின்று புரட்சிக்காரர்கள் ஆள்கிறார்கள். இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுஜாதாவின் போதாமையும் இங்கேதான். பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருக்கப்பட்ட அந்த இந்தியாவில் சாதி எங்கே போனது, சேரி எங்கே போனது என்று இரண்டு பாகத்திலும் கதை கேட்பதில்லை. மக்கள் கூட்டமாக மட்டும் வருகிறார்கள்.

ஒற்றையா தொடரா என்று பிரிப்பதே போதாது என்பதற்கு மேலைநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் கிளியனூர்ப் பக்கமெல்லாம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, பத்து இரவோ பதினெட்டு இரவோ. ஒவ்வோர் இரவும் முழுக்கதை. கட்டியங்காரன் வந்து நடந்ததைச் சொல்லிவிடுவான், புதிதாக வந்தவர் திணற மாட்டார். ஆனால் துகிலுரிதல் இரவில் விரிந்த கூந்தல் படுகளம் வரைக்கும் முடியப்படுவதில்லை. நடுவில் நாலு இரவு வரமுடியாதவர், திரும்ப வந்து அந்தக் கூந்தலைப் பார்த்தால் போதும், கணக்கு இன்னும் தீரலைன்னு தெரிந்துவிடும். நினைவைக் கொக்கியிடம் விடாமல் அவமானப்பட்ட உடலிடமே விட்டுவைத்த வடிவம் இது. தொலைக்காட்சி அறிவியல் புனைவு இதற்கு அருகில் வந்தது 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில். அங்கே கப்பல் கிளம்பிப் போவதில்லை. ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ஒரு ஜனத்தின் பக்கத்திலேயே, ஒரே நிலையத்தில், ஏழு வருஷம் இருந்தாக வேண்டும். பழைய முகாம்களின் கதை திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

இன்று ஓடிடிக்காரர்கள் எட்டு மணி நேரக் கதையை மொத்தமாக இறக்கி, ஒரே மூச்சில் பார் என்கிறார்கள். அந்த எட்டு மணி நேரம் யாரிடம் இருக்கிறது? மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன் இறங்கி வேலைபார்க்கிறவருக்கு, மழை வந்து பாத்திகள் மூழ்கும்வரை, இரவில் தூங்குமுன் அரைமணி கிடைத்தால் பெரிது. மழைக்காலத்தில் நேரம் கிடைக்கும், அப்போது கையில் கூலி இருக்காது. தமிழில் அறிவியல் புனைவு எழுத நினைக்கிற நண்பர்கள், நிலாவை விட்ட இடத்திலிருந்து, அந்த அரைமணிக்கு எழுதிப் பார்க்கலாம்.