அறுபத்து நான்காவது பாட்டில்

குடிநீரில் ஈயம் எவ்வளவு என்று அளப்பது இன்றைய ஆய்வகத்துக்குப் பெரிய வேலையில்லை. நைட்ரிக் அமிலம் சேர்த்த மாதிரியை ஐசிபி-எம்எஸ் கருவிக்குள் விட்டால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தாலும் காட்டிவிடும். எந்த வீட்டில், எப்போது பிடித்த நீர், பல வீட்டு எண்களிலிருந்து ஊருக்கு ஓர் எண்ணை எப்படி எடுப்பது என்பதில்தான் வில்லங்கமே.

அமெரிக்காவின் ஈயம்-செம்பு விதி 1991இல் இதற்கு ஒரு வழி சொன்னது. ஆறு மணி நேரமாவது குழாயில் தேங்கிய நீரின் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். முடிவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, நூற்றுக்குத் தொண்ணூறாவது இடத்து எண்ணை எடுக்க வேண்டும். அது 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நடவடிக்கை. சராசரியைவிட இது மேல்தான். எங்கோ ஒரு பாட்டிலில் விழுந்த ஈயத் துணுக்கு சராசரியைத் தூக்கிவிடும், வரிசையை அசைக்காது.

அசைக்க வேறு வழி இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. 2015 முற்பாதியில் 71 மாதிரிகள் வந்தன. 71இல் தொண்ணூறு சதவீதம் 63.9, ஆக, 64ஆவது பாட்டில். அது 15ஐத் தாண்டியிருந்தது. பிறகு 104, 20 என்று காட்டிய இரு பாட்டில்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மிஞ்சிய 69இல் தொண்ணூறு சதவீதம் 62.1. மேல்முனையில் இரண்டு போனதும் பார்க்க வேண்டிய இடம் கீழே இறங்கியது. ஊரும் வரம்புக்குள் வந்துவிட்டது.

நீக்கியதற்கு விதியிலேயே சாக்கு கிடைத்தது. ஒரு வீட்டில் வடிகட்டி இருந்தது. மற்றது குடியிருப்பே அல்ல. வடிகட்டி இருந்தும் 104 என்றால் எச்சரிக்கை அல்லவா? அது ஃபிளிண்ட்வாசி லீஆன் வால்டர்ஸ் என்பவரின் வீடு. வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு அங்கே எடுத்த மாதிரிகளில் ஒன்று 13,200 காட்டியது. 5,000 தாண்டினாலே அந்நாட்டில் அபாயக் கழிவு. விலக்குவதில் இவ்வளவு கறார் காட்டியவர்கள், சேர்த்த பாட்டில்களை அப்படிப் பார்க்கவில்லை. ஈயக் குழாய் உள்ள வீடுகளுக்கே முன்னுரிமை என்கிறது விதி. பல வீடுகளில் அது இருந்ததா என்றே சரிபார்க்கவில்லை. எட்வர்ட்ஸ் குழு 252 வீடுகளில் எடுத்த கணக்கில் தொண்ணூறாவது இடம் 25. அத்தனைக்கும் அவை தன்னார்வலர் வீடுகள். ஈயக் குழாய் பார்த்துப் பொறுக்கியவை அல்ல.

இன்னொன்று, அந்த 15 உடல்நலம் பார்த்து வைத்த எல்லையே அல்ல. சுத்திகரிப்பால் எட்ட முடிந்த அளவு. உடல்நல இலக்காக அதே விதி வைத்திருப்பது பூஜ்யம். இந்த வேறுபாடு மக்களிடம் போய்ச் சேரவில்லை. 15க்குக் கீழே என்றதும் பயமில்லை என்றே கேட்டது.

2024 அக்டோபர் திருத்தம் வரம்பை 10 ஆக்கியது. ஈய இணைப்புக் குழாய் உள்ள வீடுகளில் ஐந்தாவது லிட்டரையும் பிடிக்கச் சொல்கிறது. முதல் லிட்டர் வீட்டுக்குள் தேங்கியது. தெருவிலிருந்து வரும் குழாயில் நின்ற நீர் அதற்குப் பிறகுதான் வரும். நல்ல திருத்தம். ஆனால் தொண்ணூறாவது இடம் மாறவில்லை. ஊரின் சுத்திகரிப்பு தேறுகிறதா என்று பார்க்க அது போதும். அதைக் காட்டி ஒரு வீட்டுக்காரரிடம் ‘உங்கள் குழாய் நீரைக் குடிக்கலாம்’ என்று சொல்ல, அந்தக் கணக்கில் இடமே இல்லை.