மிருகமும் சுனிலும்

சுற்றுச்சூழல் இலக்கியம் என்று நம்மிடம் புழங்குவதில் பாதி, ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதியது. காவிரியில் மணல் போச்சே, தண்ணி போச்சே என்கிற ஏக்கம். ஏக்கம் பொய்யில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் நின்று அழும் இந்தப் பிரதிகளின் மூக்கில் அரியமங்கலத்துக் குப்பைமேட்டுப் புகை ஏறியதே இல்லை. 1994இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஸ்ரீரங்கத்தின் குப்பையும் ஆறு தாண்டி அங்கேதான் போனது. மூச்சுமுட்டியவன் பேசினால் எப்படிப் பேசுவான்?

இந்திரா சின்ஹாவின் 'அனிமல்ஸ் பீப்பிள்' (2007) என்ற ஆங்கில நாவலை இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். போபால் விஷவாயுச் சாவுகளைக் கவுஃப்பூர் என்ற கற்பனை ஊரில் வைத்துச் சொல்கிறது. 'அந்த ராத்திரி' பெற்றவர்களைப் பறிகொடுத்து, முதுகு வளைந்து நாலு காலில் நடக்கிற பத்தொன்பது வயசுப் பையன்தான் கதைசொல்லி. பேரே மிருகம். அவன் போராட்டத்துக்குள் வருவது கொள்கையால் அல்ல, நிஷா மேல் உள்ள ஆசையால். வாயைத் திறந்தால் வசவு. பொறாமையில் தலைவனுக்கே ஊமத்தை கலந்து கொடுக்கிறான். துக்கம் மனுசனைப் புனிதனாக்கிவிடும் என்கிற புளுகு இங்கே செல்லாது. பாதிக்கப்பட்டவன் வாயிலிருந்து தீர்மான வாசகம் வர வேண்டும் என்று காத்திருக்கும் நம் தோழர்கள் அவசியம் படிக்கணும்.

சாதி இந்த நாவலில் மங்கல்தான். அதைவிட, முடிவோடுதான் எனக்குச் சண்டை.

மிருகத்துக்கு ரத்தமும் சதையுமாய் ஒரு மூலம் உண்டு: சுனில் குமார். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர் போனார்கள். பன்னிரண்டு பதிமூன்று வயசு. மிஞ்சிய தம்பி தங்கையை வளர்த்துக்கொண்டே போராட்டத்துக்கு வந்தான். அமெரிக்கா வரை போய்ப் பேசினான். பிறகு மனம் கலங்கி, காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, 2006 ஜூலையில் தன்னை மாய்த்துக்கொண்டான். 'இனி போபால்கள் வேண்டாம்' என்று எழுதிய பனியன் அப்போது அவன் உடம்பில் இருந்தது.

நாவலிலோ மிருகம் பிழைத்துக்கொள்கிறான். ஆபரேஷன் வேண்டாம், நாலு காலிலேயே இருந்துக்கிறேன் என்கிறான். வாசகருக்கு நிம்மதி. சுனிலுக்கு வாய்க்காத நிம்மதி அது. அதே சாவை ஊர் ஊராய் எத்தனை தடவை சொல்லியிருப்பான் அந்தப் பையன்? ஒவ்வொரு தடவையும் அது அவனை என்ன செய்திருக்கும்? சாட்சியங்களை வாங்கி அச்சுக்குக் கொடுக்கிற நாமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அந்த வகையில் நாவலின் தொடக்கமே முடிவைவிட நேர்மையானது. கதை கேட்க வந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் டேப்பை நீட்டுகிறான். மிருகம் அதில் அசிங்க அசிங்கமாய்ப் பேசி வைக்கிறான். பாஷை தெரியாதவன் உருகி உருகித் தலையாட்டுகிறான்.