வினாவும் விளையாட்டும்: சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள்

குழந்தை உலகை அறிவது விளையாட்டினாலேயாம். கண்டதைத் தொட்டும், தொட்டதைக் குலைத்தும், குலைத்ததை மீளக் கூட்டியும், இஃது என்ன, ஏன் என ஓயாது வினாவியும் அது கற்கின்றது. குழந்தைக்கென ஆக்கப்பட்ட நூல்கள் இவ்வியல்பினை எத்துணை போற்றின என்பது ஆராயத்தக்கது.

தமிழ்ப் புலவர் குழந்தை விளையாட்டை அறியாதாரல்லர். சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர், ஊசல் என விளையாட்டுக்களையே பருவங்களாக வகுத்தன. எனினும், ஆங்கே குழந்தை பாடப்படும் பொருளேயன்றிப் பாட்டைப் படித்து மகிழ்வோன் அன்று. படிக்கும் குழந்தையின் கையிற் கிடைத்தவை ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களே. அவை ஒழுக்கத்திற்கு உரமாவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஏவலும் விலக்கலுமாய் அமைந்த வாக்கியம் கேட்போனிடத்து வேண்டுவது பணிவையே, வினாவை அன்று.

இக்குறையை ஈழநாட்டில் நிறைத்தோருள் முன்னிற்பவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் பழகிய அவர், பிள்ளைகளின் மனப்போக்கினை நன்கறிந்தவர். அவர்தம் சிறுவர் பாடல்கள் 1955ஆம் ஆண்டிலே 'சிறுவர் செந்தமிழ்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் மூன்றினை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியது. தோட்டத்தின் நடுவே ஒருவன் நிற்கின்றான், காவல் செய்கின்றான், கண் இமையான், உறங்கான், தன் கடமையிற் சிறிதும் வழுவான். இவ்வாறு அடுக்கிச் சொல்லச் சொல்ல, இத்தகைய சேவகனும் உளனோ என்னும் வியப்புப் பிள்ளையின் உள்ளத்தே மிகுகின்றது. அவன் வெருளியே என்பது இறுதியிற் புலப்பட, வியப்பு நகையாக மாறுகின்றது. தொல்காப்பியர் செய்யுள் வகைகளுள் ஒன்றாக எண்ணிய பிசியின் இயல்பு இதுவே. யாழ்ப்பாணத்தார் இதனை நொடி என்பர். விடையை மறைத்து அடையாளங்களை மட்டும் காட்டுதலால், பிள்ளை தானே தேடுகின்றது. அவ்வாறு தேடிப் பெற்ற விடை, பிறர் கூறிய விடையினும் உள்ளத்தில் நிலைக்கும்.

இரண்டாவது, ஆடிப்பிறப்பு. விடுமுறை வந்ததென்று தோழரை அழைக்கும் குழந்தையின் குரலிலே பாட்டுத் தொடங்குகின்றது. பயறு வறுத்தல், அரிசி இடித்தல், தேங்காய் துருவல், கொழுக்கட்டை அவித்தல், கூழ் காய்ச்சல் என யாவும் அடுக்களையில் நின்று பார்த்த பிள்ளையின் கண்கொண்டு கூறப்படுகின்றன. பலாவிலையைக் கோலிக் கூழைப் பருகுதலும் விடப்படவில்லை. ஒரு தொழில் எவ்வாறு நிகழ்கின்றது என உற்றுநோக்கும் பழக்கத்தை இப்பாட்டு வளர்க்கின்றது. உபதேசம் ஒன்றேனும் இதிலில்லை. எனினும் ஊர்வழக்கும் உறவின் இனிமையும் தாமே வந்து சேர்கின்றன.

மூன்றாவதாகிய பவளக்கொடி வேறு வகையினது. பால் விற்கச் செல்லும் சிறுமி, அவ்விலையால் எதனை வாங்கலாம், அதனால் யாது விளையும் என எண்ணத்தை எண்ணத்தோடு தொடுத்துச் செல்கின்றாள். கற்பனை உச்சியை அடைந்தபோது பாற்குடம் வீழ்ந்துடைகின்றது. பாட்டும் எச்சரிக்கையோடு முடிகின்றது. கதை பழையதே. ஆயினும் பிள்ளைகள் விரும்பிப் பற்றுவது அக்கணக்கின் தொடரையன்றி ஈற்று நீதியை அன்று. அப்புறம் என்ன என்னும் ஆவலை எழுப்பிய புலவரே, அவ்வாவலுக்குத் தண்டனையும் விதித்துவிட்டார் என்றல் மிகையாகாது. நீதிநூல் மரபின் பிடி அவரிடத்தும் முற்ற நெகிழ்ந்திலது.

இனி, பாட்டு நன்றாயிருத்தல் மட்டும் போதாது; கற்பிக்கும் முறையும் அதற்கு இயைதல் வேண்டும். வெருளிப் பாட்டின் தலைப்பிலேயே வெருளி நிற்கின்றது. பக்கத்திற் படமும் இருப்பின் நொடி முற்றும் அழிந்தொழியும். தலைப்பை மறைத்துப் பாட்டை ஓதி, அவன் யாவன் எனப் பிள்ளைகளை வினாவும் ஆசிரியரே புலவரின் கருத்தை உணர்ந்தவராவர். சொற்பொருள் எழுதுவித்து மனனஞ் செய்வித்துப் பரீட்சை வினாவிற்கு விடையாக்குவோர், விளையாட்டை மீண்டும் ஏவலாக மாற்றுவோரேயாவர். ஆடிப்பிறப்பைக் கற்பிக்கும் நாளிற் பலாவிலை ஒன்றினைக் கொணர்ந்து கோலிக் காட்டினும் அமையும். ஒருபக்க உரை செய்யாததனை அவ்விலை செய்யும்.

வினாவும் பிள்ளையை வாய்மூடச் செய்தல் எளிது. மூடிய வாயை மீண்டும் திறப்பித்தல் அரிது. புலவர் தம் பாட்டிலே அடையாளங்களை முன்வைத்து விடையைப் பின்வைத்தார். அவ்வொழுங்கினை வகுப்பறையிற் பேணுதல் நம் ஆசிரியர்தம் கடனாம்.