எழுத்துச் சீர்திருத்தமும் எழுத்துருத் தகவமைப்பும்

தமிழக அரசு 1978ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்களே இதற்கு அடிப்படை. கற்றலையும் அச்சுக்கோத்தலையும் இது எளிமையாக்கியது எனலாம்.

ஆயின், பதிப்பாய்வு நோக்கில் ஒரு சிக்கல் எழுகிறது. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றே. ஐகாரக் குறி தனித்து நிற்பதா, தும்பிக்கை வடிவில் எழுத்தோடு இணைவதா என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. எனவே, 19ஆம் நூற்றாண்டு நூலை மீளத் தட்டச்சு செய்வோர் பாடத்தைக் காத்தும், எழுத்து மயக்கங்களை விளக்கும் வடிவச் சான்றை இழந்துவிடுகின்றனர்.

இருவகை வடிவங்களையும் ஒரே எழுத்துருவில் அமைக்க ஓப்பன்டைப் தொழில்நுட்பம் இடந்தருகிறது. அத்தகைய எழுத்துருவைத் தேர்ந்து, அதனைப் பதிப்புரையில் குறிப்பிடுவது பதிப்பாசிரியர் கடமையாகும்.