படுக்கைப்புண் விதியல்ல

முதுகலை மாணவிகளோடு ‘மில்லியன் டாலர் பேபி’ படத்தைப் பார்த்து முடித்தபோது வகுப்பில் பாதிப் பேர் அழுதிருந்தார்கள். “அவளுக்கு வேற வழியே இல்லையே மேடம்” என்றாள் ஒருத்தி. யாரும் மறுக்கவில்லை. நானும் அன்று மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கத்தில் 2004இல் வெளிவந்து நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற படம் அது. உணவகத்தில் பரிமாறிப் பிழைக்கும் மேகி, குத்துச்சண்டை வீராங்கனையாக உயர்கிறாள். களத்தில் விழுந்து கழுத்து முறிகிறது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை; மூச்சுக்கும் கருவி வேண்டும். படுக்கைப்புண் முற்றிக் காலை வெட்டி எடுக்கிறார்கள். சாக உதவும்படி பயிற்சியாளரிடம் கேட்கிறாள். அவர் மறுக்க, தன் நாக்கையே கடித்துக்கொள்கிறாள். கடைசியில் அவரே அவள் உயிரை முடித்துவைக்கிறார். அதை அன்பென்று நம்மை நம்பவைத்ததுதான் படத்தின் வெற்றி. அமெரிக்க மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் அப்போதே இதைக் கண்டித்தார்கள்.

முதலில் அந்தப் புண்ணைப் பார்ப்போம். உணர்வில்லாத உடலின் ஒரே இடத்தில் நெடுநேரம் எடை அழுந்தினால், இரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை அழுகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால், தினமும் தோலைக் கவனித்தால், பெரும்பாலும் தடுத்துவிடலாம். மேகியை ஏன் யாரும் ஒழுங்காகப் புரட்டிப் படுக்கவைக்கவில்லை என்று படம் கேட்பதில்லை. கவனிப்பில் நேர்ந்த தவறு, உடலின் விதியாகிவிடுகிறது.

அவள் மனத்துக்கும் இதுவே நடக்கிறது. கல்லூரியில் சேரலாம் என்கிறார் பயிற்சியாளர். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு மனநல மருத்துவரோ, இதே காயத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்த இன்னொரு பெண்ணோ அவள் அறைக்குள் வருவதில்லை.

தண்டுவடம் பாதிக்கப்பட்டோரில் 20 முதல் 30 விழுக்காட்டினரிடம் மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரிய எண்தான். ஆனால் பெரும்பான்மையோர் அந்த நிலையில் இல்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. மனச்சோர்வு, நடக்க முடியாமல் போனதன் தவிர்க்க முடியாத முடிவல்ல; சிகிச்சை தேவைப்படும் நோய். ஓயாத நரம்பு வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, மலம் கழிக்கவும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் கூச்சம், பணமின்மை, தனிமை எல்லாம் அதை வளர்க்கின்றன. இவற்றில் எதுவும் மாற்றவோ குறைக்கவோ முடியாததல்ல.

நம் ‘தோழா’வை (2016) இதனருகே வைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சுப் படமான ‘தி இன்டச்சபிள்ஸ்’ படத்தின் மறு ஆக்கம் அது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நாகார்ஜுனாவைச் சிரிக்கவைத்து மீட்கிறார் கார்த்தி. மனம் மீளும் என்று காட்டியதற்காக அந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும். ஆனால் மீள்பவர் பெரும் பணக்காரர். கவனிப்பைச் சம்பளம் கொடுத்து வாங்க முடிந்த ஆண். ஏழைப் பெண்ணுக்குச் சாவு, பணக்கார ஆணுக்குத் தோழன். நம் வீடுகளில் இந்த இரண்டுக்கும் இடையில்தான் வாழ்க்கை நடக்கிறது. ஆணுக்கு அடிபட்டால் மனைவியோ தாயோ சம்பளமில்லாத செவிலியாகிறாள். அவள் உறங்கினாளா என்று கேட்பாரில்லை. மனைவிக்கு அடிபட்டால் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. அவளுடைய துயரத்துக்குத் தண்டுவடம் மட்டுமா காரணம்?

19 வயதுக்குட்பட்டோர் தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமையேற்ற ப்ரீத்தி சீனிவாசன், 1998இல் தன் 18 வயதில் புதுச்சேரிக் கடலில் தண்டுவடக் காயமுற்றார். தொடக்க ஆண்டுகளில் உலகை எதிர்கொள்ள முடியாமல் ஒடுங்கிக் கிடந்ததைப் பொதுமேடைகளில் பேசியிருக்கிறார். பின்னர் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ அமைப்பைத் தொடங்கி, தன்னைப் போன்றோருக்காக உழைத்துவருகிறார். அவரைச் சாதனைப் பெண் என்று கைதட்டிவிட்டு நகர்வதும் ஒருவகைத் தப்பித்தலே. அவருக்குக் கிடைத்தது பெற்றோரின் கைகள். அந்தக் கைகள் இல்லாதவளுக்கு அரசும் சமூகமும் என்ன வைத்திருக்கின்றன என்பதுதான் கேள்வி.

அடுத்த ஆண்டும் இந்தப் படத்தை வகுப்பில் காட்டுவேன். “அவளுக்கு வேற வழியே இல்லையே” என்று யாராவது சொன்னால் இம்முறை சும்மா இருக்கமாட்டேன். அவளைப் புரட்டிப் படுக்கவைத்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்பேன்.